முக்கோணத்துக்கு வெளியே ஒரு புள்ளி

எங்கள் கடைக்கு ஒரு பெயர் இருந்தது. பலகையில் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். ஆனால் போர்ட் பிளேர் பஜாரில் யாரும் அதை நின்று வாசித்ததாக எனக்கு நினைவில்லை. எல்லோருக்கும் நாங்கள் திகோனா. இந்தியில் முக்கோணம். வாப்பா திகோனா சேட், உம்மா திகோனா பாபி, மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் திகோனாவின் மகள். புதிதாக வந்த டீச்சர் ஒருவர் அதுதான் எங்கள் குடும்பப் பெயர் என்று நம்பி, என் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

அரிசி, பருப்பு, வெங்காயம், சோப்பு எல்லாமே எங்களுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். பஜாரில் உள்ள அத்தனை கடைகளின் மூட்டைகளும் ஒரே கப்பலில் ஒன்றாகக் கிடந்து வரும். அவற்றை இறக்குகிறவர்களில் ராஞ்சிக்காரர்கள், வங்காளிகள், தெலுங்கர்கள், தமிழர்கள் எல்லோரும் உண்டு. ஒருவருக்குத் தெரிந்த எழுத்து இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் கடைக்குக் கடை ஒரு மார்க்கா. சென்னையில் சரக்கை ஏற்றிவிடும் ஏஜெண்டின் கிடங்கில் ஓர் ஆள் கறுப்புப் பெயிண்டும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, மூட்டைக்கு மூட்டை அதை வரைந்து அனுப்புவார். இப்போது கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடுகிறார்கள். நான் சொல்வது அதற்கு முன்னால், கடலுக்கடியில் கேபிள் வராமல், ஒரு போட்டோ போனில் போய்ச் சேர்வதற்குள் சமையலையே முடித்துவிடலாம் என்றிருந்த காலம்.

மனிதர்களுக்கும் மார்க்காவே பெயர். அரிசி மொத்த வியாபாரம் செய்தவர், எங்கள் ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், பஜாரிலேயே வயதில் மூத்தவர்; அவர் சதுரம். கயிறும் வலையும் விற்ற தெலுங்குக்காரருடைய மார்க்கா வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. அவர் வட்டம். "வட்டம் வந்திருக்காரு, டீயைப் போடு" என்று வாப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பது எனக்கு விநோதமாகப் பட்டதே இல்லை.

எங்களுடையது முக்கோணம், அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். வாப்பாவின் வாப்பா கடை வைத்தபோது வெறும் முக்கோணமாகத்தான் இருந்ததாம். வாப்பா பிறந்ததும் அதற்குள் ஒரு புள்ளி வைத்தார். ரொம்ப வருஷம் கழித்து சாச்சா, அதாவது வாப்பாவின் ஒரே தம்பி, பிறந்ததும் இன்னொன்று. இடையில் பிறந்த பெண்பிள்ளைகளுக்குப் புள்ளி கிடையாது. அதைப் பற்றி அந்தப் பெண்பிள்ளைகள், அதாவது என் மாமிகள், இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் பஜாரில் யாரும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். சொல்வது அசிங்கம். அடுத்த கப்பல் வரும். மூட்டைகளில் ஒரு கோடு கூடியிருக்கும், இல்லாவிட்டால் ஒரு புள்ளி குறைந்திருக்கும். ஹாடோ ஜெட்டியில் சரக்கு இறங்கும்போதே எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பார்த்த பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான், இரண்டு கடை என்று ஆகிவிடும்.

சாச்சாவை காமர்ஸ் படிக்கத்தான் சென்னைக்கு அனுப்பினார்கள். அவர் எப்படி ஓவியக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார் என்பது வீட்டில் யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. திரும்பி வரும்போது தாடியும் ஒரு கட்டு பிரஷ்ஷும் கொண்டுவந்தார். வாப்பா கோபித்துக்கொண்டது கொஞ்ச நாள்தான். பாட்டனார் மவுத்தானபோது சாச்சாவுக்கு அப்போதைய என் வயதுதான் இருக்கும். தூக்கி வளர்த்தது வாப்பா. அதைவிட முக்கியம், சாச்சா மனித முகமோ உடம்போ எதுவும் வரையவில்லை. வட்டம், சதுரம், முக்கோணம், வளைகோடு, அவற்றுக்குள் நிறம், அவ்வளவுதான். உருவம் வரைகிறான் என்று ஜமாஅத்தில் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. "நம்மாளு கணக்குப் படம்தான் போடுவான்" என்று வாப்பா நிம்மதியாகச் சொல்லிக்கொள்வார்.

காலையில் சாச்சா கடையில் உட்காருவார். மதியத்துக்கு மேல் கிடங்கில் கதவோரமாக வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்று வரைவார். என்னை ஸ்கூட்டரில் பள்ளியிலிருந்து கூட்டி வந்து பருப்பு மூட்டை மேல் உட்கார வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். அந்த வீட்டில் எனக்குப் பிரியமான ஆள் அவர்தான். ஆனால் அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் உருப்படியாக வராது.

"இது என்ன சாச்சா?"

"வட்டம்."

"அது தெரியுது. வட்டம்னா?"

"வட்டம்னா வட்டம்தான்மா."

எனக்குக் குழப்பமாக இருக்கும். எங்கள் வீட்டில் வட்டம் என்றால் சர்க்கரை தூக்கலாக டீ குடிக்கிற ஒரு மனிதர். இவர் அதை மஞ்சளாகவும் பச்சையாகவும் வரைந்து வைத்து, அது ஒன்றுமே இல்லை என்கிறாரே என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் சாச்சாவின் படங்களைக் காட்சிக்கு வைக்க ஃபீனிக்ஸ் பே பக்கத்தில் ஒரு ஹால் கிடைத்தது. கல்யாணங்கள் நடக்கிற ஹால்தான். சாச்சா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வாப்பா பஜார் முழுவதையும் அழைத்துவிட்டார். சமோசாவுக்கும் டீக்கும் ஏற்பாடு செய்து, வாசலில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்று வரவேற்றதைப் பார்த்தால் சாச்சாவுக்கு நிக்காஹ் என்றுதான் நினைக்கத் தோன்றும். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு பெரிய அதிகாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஒரே அளவு நேரம் நின்று, ஒன்றும் பேசாமல் அடுத்ததற்கு நகர்ந்தார்கள். படம் பார்ப்பது என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பஜார்க்காரர்கள் வந்ததும் அந்த அமைதி போயிற்று. அவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது. மார்க்கா பார்க்கத் தெரியும். ஜெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே தங்களுடையதைத் தேடுகிற அதே கண்ணோடு சுவர் சுவராகத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். சாச்சாவும் பிறந்தது முதல் அந்த மூட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்தானே. கையைத் தூக்கினால் அதுதான் வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அரே, யே தோ மேரா ஹை!" என்று வட்டம் ஒரு படத்தின் முன்னால் கத்தினார், இது என்னுடையதாச்சே என்று. அவருடைய வட்டமும் பெருக்கல் குறியும் அப்படியே அதில் இருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் அவர் முகம் மாறியது. கீழிருந்து வட்டத்தின் பாதிவரைக்கும் நீலம் ஏறியிருந்தது. அவருடைய வலைக்கட்டுகள் அப்போது கப்பலில், நடுக்கடலில் இருந்தன. சாச்சாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பானி ஆ கயா க்யா?" என்று கேட்டார், தண்ணீர் புகுந்துவிட்டதா என்று. சாச்சா அது தண்ணீர் இல்லை, வெறும் நீலம் என்றார். இந்தியிலும் சொன்னார், தமிழிலும் சொன்னார். வட்டம் நம்பவில்லை. சமோசாவைப் பாதியில் வைத்துவிட்டு, சென்னைக்கு போன் போட வெளியே போனார்.

பெரிய படம் ஹாலின் கடைசிச் சுவரில் இருந்தது. அது நாங்கள்தான் என்று எனக்கே தெரிந்தது. செங்கல் நிறத்தில் பெரிய முக்கோணம். அதன் அடிப்பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு புள்ளிதான். மற்றது முக்கோணத்துக்கு வெளியே, வெகுதூரம் தள்ளி, வெளிர்நீலத்தின் மேல்மூலையில் தனியாக இருந்தது.

அதன் முன்னால் பேச்சு நின்றுவிட்டது. பஜார்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சதுரம் கையிலிருந்த டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வாப்பாவின் தோளில் கையைப் போட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற வழக்கம் இல்லையே. வாப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து அதிகாரியின் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்து, இந்தப் படம் மட்டும் ரொம்ப பீஸ்ஃபுல்லாக இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பாகம் பிரியணுமா என்று நேராகக் கேட்டுவிட்டார். சாச்சாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"காக்கா, சத்தியமாச் சொல்றேன், அது வெறும் புள்ளி. ஒரு பக்கம் கனமாப் போச்சு, இன்னொரு பக்கம் காலியா இருந்துச்சு. அதான் ஒண்ணைத் தூக்கி அங்கிட்டு வச்சேன்."

"கனமாப் போச்சா?" வாப்பா உம்மாவைப் பார்த்தார். "கேட்டியா? கனமாப் போச்சாம்."

"அந்தக் கனம் இல்ல காக்கா."

"எல்லாத்துக்கும் ஒரு மத்லப், ஒரு அர்த்தம் இருக்கும்டா. மத்லப் இல்லாமலா வாப்பா போட்ட முக்கோணத்தை எடுத்துப் போட்டே?"

"மத்லப்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப நம்ம மார்க்காவுக்கு மத்லப் கிடையாதா?"

சாச்சா தாடியைப் பிடித்துக்கொண்டார். உண்டு என்றால் ஒரு தொல்லை, இல்லை என்றால் அதைவிடத் தொல்லை. நான் ஒருவர் பேசும்போது அவர் பக்கமும் மற்றவர் பேசும்போது மற்றவர் பக்கமும் சாய்ந்துகொண்டிருந்தேன். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. உம்மா மட்டும்தான் குழம்பவில்லை. "ஒரு பொட்டுக்கா இம்புட்டுப் பேச்சு? மண்ணெண்ணெய் தர்றேன், துடைச்சு விட்டுட்டுச் சாப்பிட வாங்க" என்றார். அண்ணனும் தம்பியும் ஒன்றாக அவரை முறைத்துப் பார்த்தார்கள்.

மறுநாள் படங்கள் கிடங்குக்குத் திரும்பி வந்தன. பெரிய படத்தை மூட்டைகளின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறி, அந்த மேல்மூலைப் புள்ளியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். மறைத்ததும் முக்கோணம் ஒரு பக்கமாகச் சரிந்து என் மேலேயே விழுந்துவிடும் போலிருந்தது. விரலை எடுத்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. மறுபடி மறைத்தேன், மறுபடி எடுத்தேன். சாச்சா சொன்னது உண்மைதான், புள்ளி அங்கேதான் இருந்தாக வேண்டும். ஆனால் அது அங்கே இருந்தால் வாப்பா தூங்க மாட்டார். இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் மூட்டையிலிருந்து இறங்கினேன்.

வாப்பா முடிவு செய்துவிட்டார். தம்பி வாய்விட்டுக் கேட்டு அண்ணன் கொடுத்ததாக ஆகக் கூடாது; அதற்கு முன்னால் தானாகவே கொடுத்துவிட வேண்டும். பாராடாங் தீவில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. அது சாச்சாவுக்கு என்றார். பாராடாங் போக வேண்டுமென்றால் காட்டு ரோட்டில் வண்டிகளையெல்லாம் வரிசையாகச் சேர்த்து விடும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், பிறகு வண்டியோடு ஃபெர்ரியில் ஏறிக் கடலைத் தாண்ட வேண்டும். சாச்சா வேண்டாம் என்றார். வேண்டாம் என்பவருக்கு வாப்பா கொடுத்தே தீருவேன் என்றார். கொடுக்க மனசில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. மனசில்லாத ஒருவர் வேண்டாத ஒருவருக்கு ஏன் இப்படி மல்லுக்கட்டிக் கொடுக்கிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. சாச்சா போய்விடுவார் என்பது மட்டும் பிடிபட்டது. அன்றைக்கு நான் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதேன். வயிற்று வலி என்று உம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பெரியவர்கள் கிடங்கில் கூடினார்கள். ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்தார்கள். கடை யாருக்கு என்பதில் பேச ஒன்றும் இல்லை, அது நொடியில் முடிந்தது. பிரச்சினை மார்க்கா. வாப்பாவுக்கு முக்கோணமும் ஒரு புள்ளியும் என்று ஆயிற்று. சாச்சாவுக்கு என்ன? அதுவும் முக்கோணத்தின் வழியில்தான் வர வேண்டும், பரம்பரை தெரிய வேண்டும். ஆனால் ஜெட்டியில் ஒன்றோடொன்று குழம்பவும் கூடாது.

"தலைகீழ் முக்கோணமாப் போட்டுட்டா?" என்றார் சதுரம்.

வட்டம் தலையை ஆட்டினார். அவருடைய வலைக்கட்டுகள் நனையாமல் வந்து சேர்ந்துவிட்டன. படத்தின் மேல் அவருக்கு இருந்த கோபமும் தீர்ந்திருந்தது. கூலி ஆள் மூட்டையைத் தலைகீழாக இறக்கி வைத்தால் தலைகீழ் முக்கோணம் நேர் முக்கோணம் ஆகிவிடுமே என்று இந்தியில் கேட்டார். முக்கோணத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம் என்றார் ஒருவர். அது தன்னுடைய வட்டத்தோடு கூட்டு வியாபாரம் என்று ஆகிவிடும் என்றார் வட்டம். நடுவில் கோடு போட்டால்? நனைந்த சரக்குக்குத்தான் நடுவில் கோடு போடுவார்கள்.

அதுவரை மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த சாச்சா மெல்ல நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அவருடைய படங்களின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் உண்டு. ஒரு கோடு உள்ளே இருக்க வேண்டுமா வெளியே இருக்க வேண்டுமா என்று இப்படிக் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டவர்களை அவர் எங்கேயும் பார்த்திருக்க மாட்டார். "வட்டம் சொல்றது சரி," என்றார். "எந்தப் பக்கம் திருப்பினாலும் ரெண்டும் ஒண்ணு போலத் தெரியக் கூடாது, அதானே?" தரையில் உட்கார்ந்து, கணக்குப் போட வைத்திருந்த சாக்பீஸை எடுத்து வரைய ஆரம்பித்தார். அழித்தார். மறுபடி வரைந்தார். பெரியவர்கள் எழுந்து சுற்றி நின்றுகொண்டார்கள். கோட்டைக் கொஞ்சம் தடியாப் போடு என்றார் ஒருவர். புள்ளி மூலையில் ஒட்டினால் பெயிண்ட் வழிந்து ஒன்றாகிவிடும் என்றார் இன்னொருவர். சாச்சாவின் நெற்றியில் வியர்வை. தாடியெல்லாம் சாக்பீஸ் தூள். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் அது வந்துவிட்டது. முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நடுவில் கொஞ்சம் இடைவெளி, வாசல் திறந்து வைத்தது போல. அந்த வாசலில் ஒரு புள்ளி. எப்படித் திருப்பினாலும் வாசல் தெரிந்தது, எப்படித் திருப்பினாலும் எங்கள் முக்கோணமும் தெரிந்தது. எல்லோரும் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்கள். சதுரம் மாஷா அல்லாஹ் என்றார்.

வாப்பாவும் குனிந்து பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். சாச்சா வரைந்த எதையும் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

சாச்சா சிரித்துக்கொண்டே எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். தட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், பக்கத்திலிருந்த வெங்காய மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தார். அதற்குள் சதுரம் துஆவுக்குக் கையை ஏந்திவிட்டார். ஆமீன் சொல்லி முடித்து, ஆளுக்கு இரண்டு பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள். புது மார்க்காக்களை ஏஜெண்டுக்குப் போனில் சொல்லிவிடுவதாக வாப்பா ஏற்றுக்கொண்டார். அடுத்த கப்பலிலிருந்து இரண்டு கடை.

அதற்குப் பிறகு வீடு வீடாகவே இல்லை. சாச்சா சோப்பு அட்டைப்பெட்டிகளில் வண்ணங்களை அடுக்கினார். உம்மா அவருக்கென்று தனியாக ஊறுகாய் போட்டார், போடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். வாப்பாவும் சாச்சாவும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்று சொல்வதற்குப் பதில் எட்டி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது சண்டையைவிடப் பயமாக இருந்தது.

கப்பல் வந்த அன்று எல்லோரும் ஹாடோவுக்குப் போனோம். நான் அடம்பிடித்துக் கூடவே போனேன். எங்கள் லாரி ஒரு பக்கம் நின்றது. சாச்சாவின் பங்குச் சரக்கை பாராடாங் கொண்டுபோக வாடகை வண்டி ஒன்று தள்ளி நின்றது. அதில் அவருடைய அட்டைப்பெட்டிகளை முன்கூட்டியே ஏற்றியிருந்தார்கள். இறக்குகிறவர்களின் மேஸ்திரி ராஞ்சிக்காரர். அவருக்கு விஷயம் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. புது மார்க்காவை விரலால் காற்றில் வரைந்து காட்டி, வாசலையும் புள்ளியையும் தன் ஆட்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பஜார் முழுவதும் அங்கே இருந்தது. அவரவர் சரக்குக்காக வந்தவர்கள்தான், ஆனால் கண்ணெல்லாம் எங்கள் மேல்.

சதுரங்கள் இறங்கின. வட்டங்கள் இறங்கின. பிறகு முக்கோணம் வந்தது. முக்கோணத்துக்குள் இரண்டு புள்ளிகள். அடுத்ததும் இரண்டு புள்ளிகள். அதற்கடுத்ததும். வாசல் வைத்த முக்கோணம் ஒன்றுகூட இல்லை, ஒற்றைப் புள்ளியும் இல்லை. மேஸ்திரி மூட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வாப்பாவிடம் வந்தார். "சேட், யே தோ வஹீ புரானா ஹை. கிஸ்கா மால்?" அதே பழைய மார்க்கா, யாருடைய சரக்கு இது?

வாப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மெட்ராஸ்ல பெயிண்ட் தீந்துபோச்சாம்" என்றார். பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை. தமிழே தெரியாத அவரிடம் தமிழில் சொல்லவும் தேவையில்லை.

பிறகு சதுரம், "தீந்துரும், தீந்துரும். எனக்கும் ஒருவாட்டி அப்படித்தான் தீந்துபோச்சு" என்றார். வட்டம் உடனே, "ஹான், ஹான், பெயிண்ட் கா பஹுத் ப்ராப்ளம் ஹை" என்று தலையை ஆட்டினார், ஆமாம், பெயிண்டுக்கு ரொம்பக் கஷ்டம் என்று. அவருடைய வட்டங்களும் பெருக்கல் குறிகளும் பளபளவென்று புதுக் கறுப்பில் அவர் காலடியிலேயே அடுக்கியிருந்தன.

சாச்சா வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைத் தோளில் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, வாடகை வண்டிக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். அட்டைப்பெட்டிகள் இறங்கின. எல்லா மூட்டைகளும் எங்கள் லாரியிலேயே ஏறின. சாச்சாவும் ஏறி எனக்கும் வாப்பாவுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்தார். "கொஞ்சம் தள்ளுங்க காக்கா" என்றார். "உனக்கு எம்புட்டு எடம்டா வேணும்?" என்றார் வாப்பா.

எனக்கு சாச்சாவுக்காக மனசு தாங்கவில்லை. எவ்வளவு பாடுபட்டு வரைந்த மார்க்கா, கேவலம் பெயிண்ட் இல்லாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கப்பலில் கட்டாயம் வந்துவிடும் என்று தைரியம் சொன்னேன். "வரும்மா, வரும்" என்றார் சாச்சா, சாலையைப் பார்த்தபடி. அடுத்த கப்பலிலும் வரவில்லை. அதற்கடுத்ததிலும் எங்கள் மூட்டைகளில் அதே இரண்டு புள்ளிகள்தான் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்தச் சென்னை ஏஜெண்ட் ரொம்ப ஏழை போலிருக்கிறது, சாச்சாவிடம் இருக்கிற டப்பாக்களில் ஒன்றையாவது அவருக்கு அனுப்பி வைப்போம் என்று வாப்பாவிடம் சொன்னேன். அனுப்பலாம், அனுப்பலாம் என்றார் அவர். ஒரு புள்ளியை வைக்காமல் விடுவதற்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.